காணிக்கைக் கவரில் ஒரு பெயர்

புதுக்கடை
23.6.2024

கர்த்தருக்குள் பிரியமான தங்கை ஷைஜாவுக்கு, அக்கா ராஜபாய் எழுதுவது. தேவ கிருபையால் நானும் அத்தானும் ஜாஸ்மியும் சுகமாயிருக்கிறோம். உனக்காகக் காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். இருமல் விட்டதா? விடுதியில் வெந்நீர் கேட்டால் தருவார்கள். நீ கேட்கமாட்டாய், அதுதான் எனக்குக் கவலை.

போனை விட எழுதுவதுதான் எனக்கு வசதி. உங்கள் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போனைக் கையில் தருகிறார்கள். இங்கே இருப்பதோ அத்தானின் போன். சிமென்ட் விலை கேட்டு ஆள் கூப்பிடுவதற்கு நடுவில் நான் என்னத்தைப் பேச?

ஜாஸ்மி ஒன்றாம் வகுப்புக்குப் போகத் தொடங்கிவிட்டாள். பள்ளியில் இரட்டைச் சடையும் சிவப்பு ரிப்பனும் வேண்டுமாம். அவள் தலையில் இரண்டு சுழி இருக்கிறதே, இடப்பக்கம் வகிடு நேரே நிற்காது. கொஞ்சம் எண்ணெய் தொட்டு, சீப்பின் நுனியால் பின்னாலிருந்து இழுத்தால் நிற்கிறது. கீழே முன்பல் ஒன்று ஆடுகிறது. நாக்கால் தள்ளித் தள்ளி எல்லோருக்கும் காட்டுகிறாள்.

பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்தவளுக்கு பி.எஸ்சி. நர்சிங் நேரே கிடைக்காது, மூன்று வருஷ டிப்ளமோ படித்து அந்த வழியாகத்தான் யூனிவர்சிட்டிக்குப் போகமுடியும் என்று, கல்ஃபிலிருந்து உன் அபினேஷின் உடல் வந்து அடக்கம் பண்ணின மாதத்தில் நீ சொன்னாய். ஜாஸ்மிக்கு அப்போது நாலு வயது நிறையவில்லை. அவளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்றேன். இதோ கடைசி வருஷமும் வந்துவிட்டது. இது முடிந்ததும் மார்த்தாண்டம் பக்கத்தில் வேலை பார்த்து அவளைக் கூட்டிக்கொள்வேன் என்று லீவுக்கு வந்தபோது சொன்னாய். கேட்டுக்கொண்டேன்.

நேற்று மீன் வாங்க நின்றபோது சபிதா பிடித்துக்கொண்டாள். "ராஜபாயக்கா, உனக்க தங்கச்சி வெள்ளைக் கோட்டு போட்டு நிக்க படம் பாத்தேன். நீயும் பத்தாங் கிளாசில முந்தினவதானே? இப்பம் பாரு, சாளைக்குச் செதிள் எடுத்துட்டு கெடக்க."

"செதிள் எடுக்கவும் படிப்பு வேணும் சபிதா" என்றேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ அலமாரியில் விட்டுப்போன உடற்கூற்றுப் புத்தகத்தை வாசிக்கிறேன். தெரியாத இங்கிலீஷ் வார்த்தைக்கு அகராதி பார்த்து ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன். இருதயத்துக்கு நாலு அறை என்பதுவரை வந்திருக்கிறேன். கோபிக்காதே, வேண்டுமானால் அழித்துத் தருகிறேன்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.
உன் அக்கா.


கோயம்புத்தூர்
7.7.2024

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் என் ஜாஸ்மிக்கும், ஷைஜா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது. நீங்கள் சொன்னதுபோல வெந்நீர் கேட்டேன், தந்தார்கள். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது?

புத்தகத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். அதற்குப் போய் அனுமதி கேட்பீர்களா?

இந்த மாதம் எனக்குக் குழந்தைகள் வார்டு. ஜாஸ்மி வயதில் ஒரு பெண் குழந்தை. ஊசி போட வந்தவள் நான்தான், ஆனால் போட்டு முடித்ததும் என் விரலையே பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அதன் அம்மா பக்கத்தில்தான் நின்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நானே மெல்ல விரலை எடுத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு போனில் ஜாஸ்மி, "அம்மா, டாட்டா" என்று சொல்லி ஓடினாள். பின்னாலேயே உங்கள் குரல் கேட்டது: "நில்லு மக்கா, தலை கெட்டி முடியல்ல." அதற்கு மட்டும் நின்றாள். என்னைப் பற்றிக் கேட்பாளா அக்கா? கேட்காவிட்டாலும் கேட்டாள் என்று எழுதவேண்டாம்.

ஒரு காரியம். அந்தப் பல் விழுந்தால் கூரைமேல் எறியாதீர்கள். ஒரு தாளில் மடித்து வையுங்கள். கிறிஸ்மஸுக்கு வந்து நானும் அவளும் சேர்ந்து எறிவோம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கவும் நான் இல்லை, இதாவது எனக்கு வேண்டும்.

இரண்டாம் வருஷ ரிசல்ட்டில் வகுப்பில் நான்தான் முதல். எங்கள் மேடம் கூப்பிட்டு, "டிப்ளமோவோட நிறுத்தாதம்மா. போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. ரெண்டு வருஷம்தான். யூனிவர்சிட்டி டிகிரி இருந்தா டீச்சிங் போகலாம், எங்கயும் போகலாம்" என்றார். எனக்கு ஆசை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இன்னும் இரண்டு வருஷம் ஜாஸ்மியை விட்டு இருக்க என்னால் முடியாது. அப்படியே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
ஷைஜா.


புதுக்கடை
20.7.2024

கர்த்தருக்குள் பிரியமான என் தங்கைக்கு, அக்கா அநேக அன்போடு எழுதுவது. மூவரும் சுகம். முட்டுவலி மழைக்குக் கொஞ்சம் கூடும், பிறகு போகும். அதை நீ நினைக்கவேண்டாம்.

வகுப்பில் முதல் என்று வாசித்ததும் முழங்காலில் நின்றுதான் மீதியை வாசித்தேன். ஷைஜா, நீ மேலே படிக்கவேண்டும். உங்கள் மேடத்திடம் முடியாது என்று சொன்னது தப்பு. நாளைக்கே போய், படிக்கிறேன் என்று சொல். கர்த்தர் திறக்கிற வாசலை நாம் சாத்தக்கூடாது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் உன் யூனிவர்சிட்டிப் படிப்புக்காக விசேஷ ஜெபம் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசமும் இருக்கிறேன்.

ஜாஸ்மியை நினைத்து வெப்ராளப்படாதே. இரண்டு வருஷம் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். இங்கே அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் வசனப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். சாப்பாட்டில் பழைய பிடிவாதம் போய்விட்டது. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். என்னைக் கேட்டால், பழகின இடத்திலிருந்து பிள்ளையை மாற்றாமல் இருப்பதுதான் நல்லது. படிப்பு முடியட்டும், பிறகு பார்க்கலாம்.

பல் விழுந்துவிட்டது. உன் கடிதம் கைக்கு வருமுன் அத்தான் அவளைத் தூக்கிப்பிடித்து அடுக்களை ஓட்டின்மேல் எறியவைத்துவிட்டார். என்ன செய்ய? அடுத்த பல்லும் ஆடத்தான் செய்கிறது.

முந்திரிக்கொத்து செய்து பார்சல் அனுப்புகிறேன். கூட இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு.

உன் படிப்புக்காக ஜெபிக்கிற,
அக்கா.


கோயம்புத்தூர்
18.8.2024

அன்புள்ள அக்காவுக்கு, ஷைஜா. நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆசை. முந்திரிக்கொத்து உடையாமல் வந்தது. என் அறைத்தோழி ஜெப்சி, "உங்கக்கா கைய வாங்கி நம்ம மெஸ்ஸில வைக்கணும்" என்கிறாள்.

மேடத்திடம் மறுபடி பேசினேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் இவ்வளவு சொன்ன பிறகு எனக்கே படித்தால் என்ன என்று தோன்றுகிறது. நம் அம்மை இருந்திருந்தால்கூட இப்படித் தள்ளியிருக்கமாட்டாள். எனக்காக நீங்கள் உபவாசம் இருப்பதை நினைத்தால் மெஸ் சாப்பாடு இறங்கவில்லை.

பல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபோது விழுந்தது என்று ஜாஸ்மி போனில் சொன்னாள். என் கடிதம் அதற்கு முந்தின வெள்ளியே வந்துவிட்டது என்று அத்தான் சொன்னார். உப்பு புளி கணக்கில் ஒரு ரூபாய் தப்பாதவர் நீங்கள். போகட்டும். அடுத்த பல்லை வையுங்கள்.

செப்டம்பர் பதினைந்து இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையே வருகிறது. ஜாஸ்மிக்கு ஆறு முடிகிறது. அன்று எனக்கு மத்தியானத்துக்கு மேல் டியூட்டி, வரமுடியாது. ஆனால் பதினொரு மணிக்குப் போன் கையில் இருக்கும், ஆராதனை நேரலையைப் பார்ப்பேன். பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கை நீங்கள் வைப்பீர்கள் என்று தெரியும். சபைச் செயலர் எட்சன் அண்ணன் அதை வாசிக்கும்போது அபினேஷ், ஷைஜா மகள் என்று வாசிக்கச் சொல்லுங்கள். அபினேஷின் பெயரைக் கோயிலில் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

அன்புடன்,
ஷைஜா.


புதுக்கடை
19.9.2024

கர்த்தருக்குள் பிரியமான தங்கைக்கு, அக்கா. சுகம், உன் சுகம் அறிய விரும்புகிறேன்.

பிறந்தநாள் நல்லபடியாக நடந்தது. மஞ்சள் பட்டில் பாவாடை சட்டை நானே தைத்தேன். இடுப்பில் இரண்டு மடிப்பு உள்ளே விட்டிருக்கிறேன், வளர்ந்தால் பிரித்துவிடலாம். கேக் கடையில் வாங்கினோம். அதன்மேல் பூவுக்குப் பதிலாக மீன் படம் வேண்டும் என்று அடம்பிடித்தாள். கடைக்காரன் திமிங்கலம் மாதிரி ஒன்றை வரைந்து கொடுத்தான். "இது மீனா, எருமையா?" என்று அத்தான் கேட்டுவிட்டார். அரைமணிநேரம் அவரோடு பேச்சு இல்லை. மத்தியானம் பிரியாணி. அரிசி கொஞ்சம் குழைந்துவிட்டது, கறி நன்றாக இருந்தது. சபிதா வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். பாயசத்துக்குத் தேங்காய்ப்பால் நம் வீட்டுத் தேங்காயில் எடுத்தது.

ஆராதனையில் போதகர் தலையில் கைவைத்து ஜெபித்தார். நேரலை பார்த்தாயோ, நெட் கிடைத்ததோ என்னவோ. இங்கே மழை, அடிக்கடி அறுந்ததாகப் பலரும் சொன்னார்கள்.

சாயங்காலம் குழந்தைகள் வந்து பலூன் உடைத்தார்கள். வேறொன்றும் விசேஷம் இல்லை. யூனிவர்சிட்டிக் காரியம் என்னாயிற்று? எழுது.

அக்கா.


கோயம்புத்தூர்
13.10.2024

அக்காவுக்கு, ஷைஜா. நலம்.

நெட் நன்றாகக் கிடைத்தது. ஒருதரம்கூட அறுபடவில்லை.

டியூட்டி இல்லாத பிள்ளைகள் ஆறேழுபேர் என் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். என் மகளைப் பாருங்கள் என்று நான்தான் கூப்பிட்டிருந்தேன். மஞ்சள் பாவாடையில் ஜாஸ்மி உங்களுக்கும் அத்தானுக்கும் நடுவில் நின்றாள். எட்சன் அண்ணன் வாசித்தது தெளிவாகக் கேட்டது: "நேசையன், ராஜபாய் தம்பதியரின் மகள் ஜாஸ்மி."

ஜெப்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகள் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும், "அக்கா, உங்க பொண்ணுன்னு சொன்னீங்க?" என்றாள்.

தப்பாக வாசித்திருக்கலாம். உங்களுக்கு முன்னால் மைக் இருந்தது. போதகர் ஒரு நிமிஷம் உங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீங்களோ தலையைக் குனிந்து ஆமென் சொன்னீர்கள்.

நான் யூனிவர்சிட்டிக்குப் போகவில்லை. மேடத்திடம் சொல்லிவிட்டேன். டிப்ளமோ முடிந்ததும் வேலையில் சேர்ந்து என் பிள்ளையைக் கூட்டிக்கொள்வேன். விசேஷ ஜெபத்தை நிறுத்திவிடலாம்.

ஷைஜா.


புதுக்கடை
2.12.2024

ஷைஜாவுக்கு, அக்கா எழுதுவது. கர்த்தர் நம் இருவருக்கும் சமாதானம் தருவாராக. இங்கே எல்லோரும் சுகம்.

ஏழு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதை எப்படியும் தபாலில் போட்டுவிடுவேன்.

காணிக்கை நம் குடும்பக் கவரில்தான் வைக்கமுடியும். கவரில் அத்தான் பெயரும் குடும்ப எண்ணும் அச்சடித்திருக்கிறது. எட்சன் கவரைப் பார்த்துத்தான் வாசிப்பான். அவன் தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான். உனக்குக் கவர் கிடையாது. அபினேஷ் இறந்து நீயும் ஊரைவிட்டுப் போன பிறகு உன் எண்ணை எடுத்துவிட்டார்கள். நானா எடுத்தேன்?

பின்னால் பென்சிலால் உங்கள் இருவர் பெயரையும் எழுதியிருந்தேன். அவன் திருப்பிப் பார்க்கவில்லை.

மைக்கில் ஏன் பேசவில்லை என்று கேட்கிறாய். சபை முழுவதும் இருக்க, இவள் என் மகள் இல்லை என்று பிறந்தநாள் பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு நான் சொல்லவேண்டும், அப்படித்தானே? சொல்லியிருந்தால் உனக்குத் திருப்தி. இருபத்தொரு வருஷமாகத் தொட்டில் கட்டாத வீடு இது என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். என் வாயாலும் கேட்கவேண்டுமா?

நீ நன்றாக வாழவேண்டும் என்றுதான் இன்றைக்கும் ஜெபிக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். படிப்பு உனக்கு. வெள்ளைக் கோட்டு உனக்கு. ஊரெல்லாம் உன் பேச்சு. பிள்ளையைக் குளிப்பாட்டி, தலை கட்டி, காய்ச்சலில் தோளில் போட்டு நடந்தவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை நிமிஷம் அந்தப் பெயர் கிடைத்தால் அதுவும் உனக்குப் பொறுக்கவில்லை. இருதயத்துக்கு நாலு அறை என்று உன் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. நாலு இருந்தும் உன்னிடத்தில் இதற்கு இடம் இல்லை.

கிறிஸ்மஸுக்கு வா. அடுத்த பல்லை வைத்திருக்கிறேன். சத்தியமாக வைத்திருக்கிறேன்.

அக்கா.


கோயம்புத்தூர்
5.1.2025

அக்காவுக்கும் அத்தானுக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். பத்திரமாக வந்து சேர்ந்தேன்.

வீட்டில் இருந்த நாட்களில் நாம் இருவரும் கறிக்கு உப்பு போதுமா என்பதைத் தவிர ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பல்லை எறிந்தோம். அதற்கு நன்றி. ஓட்டில் பட்டுத் திரும்பி என் தலையிலேயே விழுந்தபோது ஜாஸ்மி சிரித்தாளே, அந்தச் சிரிப்பை இங்கே கொண்டுவந்துவிட்டேன்.

கிறிஸ்மஸ் காலையில் நான் சீப்பை எடுத்தேன். இரண்டு இழுப்பு இழுத்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, உனக்குத் தெரியாது. பெரியம்மை கெட்டினாத்தான் வலிக்காது" என்றாள். நீங்கள் அடுக்களையில் இருந்தீர்கள். உடனே வரவில்லை. அவள் மூன்றுமுறை கூப்பிட்ட பிறகு வந்தீர்கள், கையைத் துடைத்துக்கொண்டு. உங்கள் முகத்தில் சிரிப்பு இல்லை, அதை நான் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் சீப்பை வாங்கின விதம் இருக்கிறதே. நான் நோயாளியின் வீட்டாரிடமிருந்து ஃபைலை வாங்குவது போல.

அக்கா, உங்களிடம் எனக்குப் பொறாமை. எனக்குப் படிப்பும் கோட்டும் இருக்கிறது என்று எழுதினீர்கள். வார்டில் எத்தனை பிள்ளைகளுக்குத் தலை சீவியிருக்கிறேன் தெரியுமா? ஒன்றும் என்னிடம் வலிக்கிறது என்று சொன்னதில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு காரியம் புரிந்தது. மேலே படி, மேலே படி என்று நீங்கள் எழுதியபோது அம்மைகூட இப்படித் தள்ளியிருக்கமாட்டாள் என்று எழுதினேன். உண்மைதான். அம்மை தள்ளியிருக்கமாட்டாள். நான் படித்தால் ஜாஸ்மி இன்னும் இரண்டு வருஷம் உங்களிடம் இருப்பாள். வெள்ளிக்கிழமை உபவாசம் யாருக்காக இருந்தீர்கள்?

பதில் எழுதவேண்டும் என்று கட்டாயமில்லை. ஜூலையில் பரீட்சை.

ஷைஜா.


புதுக்கடை
22.4.2025

கர்த்தருக்குள் பிரியமான தங்கைக்கு, அக்கா எழுதுவது. உன் சுகத்தை அத்தான் போனில் கேட்டுச் சொல்கிறார். நான் பக்கத்தில்தான் நிற்பேன்.

ஜாஸ்மிக்குக் காய்ச்சல் வந்து இப்போது சுகமாகிவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பயப்படாதே. குருத்தோலை ஞாயிறு ஊர்வலத்தில் வெயிலில் ஓலை பிடித்து நடந்தாள், அன்றைக்கே தொடங்கியது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டுநாள் வைத்திருந்தோம். பரீட்சைக்குப் படிக்கிறவளைக் கலைக்கவேண்டாம் என்று உன்னிடம் சொல்லவில்லை. இந்தமுறை காரணம் அதுதான், நம்பு.

அங்கே ஒரு சின்ன நர்ஸ். உன்னைப்போல ஒல்லி. சீட்டில் எழுதுவதற்காக, "அம்மை யாரு?" என்று கேட்டாள்.

என் வாய் திறந்தது. அதற்குள் ஜாஸ்மி கண்ணை மூடிக்கொண்டே, "எங்கம்மா கோயம்புத்தூரில இருக்கா. அவளும் உன்ன மாதிரி நர்ஸுதான். அவ ஊசி போட்டா வலிக்காது" என்றாள்.

"அது எப்படிட்டி தெரியும் உனக்கு?" என்று அவள் கேட்டாள்.

"எனக்குத் தெரியும்."

காய்ச்சலில் மூன்றுநாளும் அம்மா அம்மா என்றுதான் முனகினாள். நெற்றியில் ஈரத்துணி போட்டது நான். அவள் கூப்பிட்டது உன்னை. எனக்கு நெஞ்சு எரிந்தது, ஷைஜா. கர்த்தருக்கு முன்னால் எழுதுகிறேன், காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து எரிந்தது. இப்படியும் ஒரு பெரியம்மையா என்று எழுந்து வராந்தாவில் போய் நின்றேன். பிறகு அந்த நர்ஸ் பிள்ளை செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன். துணியை நெற்றியில் மட்டும் போடாமல் அக்குளிலும் வைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, ரத்தக்குழாய் அங்கே தோலுக்குப் பக்கத்தில் ஓடுகிறது என்றாள். உன் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நான் வாசித்திருக்கிறேன். வாசித்தும் எனக்குத் தோன்றவில்லை. சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும் போலிருக்கிறது.

உபவாசத்தைப் பற்றி நீ கேட்ட கேள்விக்குப் பதில் உனக்கே தெரியும். யூனிவர்சிட்டிக்குப் போ என்று இன்னொருமுறை எழுதுகிறேன். போனதரம் நான் எழுதியதை மறந்துவிட்டு, இதைப் புதிதாக வாசி.

ஜெபத்தோடு,
அக்கா.


கோயம்புத்தூர்
24.8.2025

அன்புள்ள அக்காவுக்கு, ஷைஜா நலம். உங்கள் முட்டு எப்படி இருக்கிறது? அத்தானுக்கு என் அன்பு.

நாலு மாதமாக எழுதவில்லை. பரீட்சை ஒரு காரணம். உங்கள் கடிதத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையணைக்கு அடியில் வைத்திருந்தது இன்னொரு காரணம்.

ரிசல்ட் வந்துவிட்டது. முதல் வகுப்பு. மேடத்திடம் மறுபடி போய் நின்றேன். "இப்ப என்னம்மா, போறேன்னு சொல்றியா, போகலன்னு சொல்றியா?" என்று கேட்டு விண்ணப்பத்தை நீட்டினார். இடம் கிடைத்துவிட்டது. நர்சிங் கவுன்சில் பதிவும் முடிந்தது. அக்டோபரில் வகுப்பு. இனிமேல் யூனிவர்சிட்டி மாணவி என்று ஜாஸ்மியிடம் சொல்லுங்கள்.

இதில் விடுதிக் கட்டாயம் இல்லை. நானும் ஜெப்சியும் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறோம். ஜெப்சியின் அம்மா கூட வந்து இருப்பார். தெருமுனையில் பள்ளி இருக்கிறது, காலாண்டு முடிந்து வந்தால் சேர்த்துக்கொள்வார்கள்.

அவளைக் கூட்டிவர ஆசை. ஆனால் உங்களைக் கேட்காமல் கூட்டிவரமாட்டேன். எனக்கு வார்டு இருக்கும், படிப்பு இருக்கும், பிள்ளைக்குப் புது ஊர். இரண்டு வருஷம் இருக்கட்டும் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் விட்டுவிடுகிறேன், மனதில் ஒன்றும் வைக்கமாட்டேன். அப்படி எழுதிவிடக்கூடாதே என்றும் ஜெபிக்கிறேன். மறைக்கவில்லை.

உங்கள் தங்கை,
ஷைஜா.


புதுக்கடை
28.9.2025

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான என் ஷைஜாவுக்கு, அக்கா எழுதுவது. இதை நீ வாசிக்கும்போது கடிதம் கொண்டுவந்தவள் உன் பக்கத்தில் நிற்பாள். நாளை அத்தான் அவளை ரயிலில் கூட்டிவருகிறார். முட்டுவலியைச் சாக்குச் சொல்லி நான் வரவில்லை.

உன் கடிதம் வந்த அன்று, இருக்கட்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கையெழுத்து நன்றாகவே வந்தது. ஒருநாள் முழுவதும் வேதாகமத்துக்குள் வைத்திருந்துவிட்டு அடுப்பில் போட்டேன்.

பிறகு எட்சனிடம் போனேன். "ஷைஜா பேரில தனிக் கவரு வேணும்" என்றேன்.

"அவ ஊரிலயே இல்லியே அக்கா. குடும்ப எண்ணு எப்படிக் கொடுக்க?"

"ஊரில இல்லாதவதான் ஞாயிறு தோறும் உனக்க நேரலையப் பாக்கா. அதுக்கு ஆளு உண்டு, கவருக்கு ஆளு இல்லியா?"

"கமிட்டியில வைக்கணும்."

"வை. நான் வெளிய நிக்கேன். வாசிக்கும்போ கவரத் திருப்பியும் பாக்கணும், கேட்டியாலே? நீ இஞ்ச வாசிக்கியது கோயம்புத்தூரு வரைக்கும் போயிச் சேருது."

கமிட்டி கொடுத்துவிட்டது. புது எண், உன் பெயர். பிறந்தநாளுக்கு முந்தினநாள் ஞாயிறு, பதினாலாம் தேதி, நீ பார்த்திருப்பாய். "அபினேஷ், ஷைஜா தம்பதியரின் மகள் ஜாஸ்மி, ஏழாவது பிறந்தநாளுக்காகவும், தாய் பல்கலைக்கழகப் படிப்பில் சேர்ந்ததற்காகவும்" என்று வாசித்தான். அந்தக் கடைசிப் பகுதி நான் சேர்த்தது. சபிதாவும் கேட்கட்டும் என்றுதான். பிள்ளையைப் பீடத்துக்கு முன்னால் தனியாக அனுப்பினேன். போதகர் எங்களைத் தேடினார். ஜாஸ்மியும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அத்தான் எழும்பப் பார்த்தார், கையைப் பிடித்து உட்காரவைத்தேன். உன் போனில் நான் தெரிந்திருக்கமாட்டேன். கடைசி பெஞ்சில் இருந்தேன்.

பையில் மஞ்சள் பாவாடை இருக்கிறது. ஒரு மடிப்புப் பிரித்துவிட்டேன், இன்னொன்று மிச்சம் இருக்கிறது, அதை நீ பிரிக்கலாம். உன் உடற்கூற்றுப் புத்தகத்தை அனுப்பவில்லை. சிறுநீரகம்வரை வந்திருக்கிறேன், முடித்துவிட்டுத் தருகிறேன். நீ படித்து முடித்த இரண்டாம் வருஷத்துப் புத்தகம் உனக்கு வேண்டாததாக இருந்தால் அத்தானிடம் கொடுத்துவிடு.

ஜெப்சியின் அம்மா நல்லவராகத்தான் இருப்பார். பிள்ளைக்குச் சோறு கொடுக்கட்டும், பள்ளியில் விடட்டும். தலை மட்டும் அவர் கட்டவேண்டாம். நீயே கட்டு. வலப்பக்கச் சுழியை விட்டுவிடு, இடப்பக்கம்தான் அடங்காது. எண்ணெய் தொட்டு, பின்னாலிருந்து முன்னால், சீப்பு நுனியால். கோணினாலும் பரவாயில்லை. கொஞ்சநாள் வலிக்கிறது என்று சொல்வாள். அதைக் கேட்க எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் நீ நிறுத்தாதே.

புது இடத்தில் படுக்கும்போது எனக்காக அழுவாள். முதல்நாள் அழட்டும், இரண்டாம் நாளும் அழட்டும். நீ சமாதானம் சொல்லப் போகாதே. அது எனக்கு வேண்டும். மூன்றாம் நாள் அழவிடாதே.

கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக.
அவளுடைய பெரியம்மை.